சீட்டுக்கு அடியில் எஞ்சின்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேன் ஓட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "பயமா இல்லையா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "நடுவழியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" முதல் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. இரண்டாவது கேள்விக்கு இந்தக் கட்டுரை.

பெரியபாளையத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு, ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் நெடுஞ்சாலையைப் பிடித்து, தச்சூர், கவரைப்பேட்டை வழியாக சிப்காட்டுக்குள் போவேன். எதிரிலும் பக்கத்திலும் அதே நேரத்தில் ஓடுகிற வேன்களிலும் கம்பெனி பஸ்களிலும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற பெண்கள். சிலர் சிப்காட்டில் இறங்குவார்கள். சிலர் ஆந்திர எல்லை தாண்டி தடாவுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் போவார்கள். உள்ளே தூங்குவது பெண்கள், ஓட்டுவது ஆண்கள் என்பதில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசு பஸ் ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தது 1993-இல். இத்தனை வருடம் கழித்தும் ஒரு பெண் பஸ் ஓட்டினால் போட்டோ போடுகிறார்கள். போடட்டும். ஆனால் அந்தப் போட்டோக்களில் பெண் எப்போதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எஞ்சினுக்குள் கை விட்டிருக்கிற படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் வண்டி பழையது. மகளிர் சுயஉதவிக் குழுக் கடனும் என் நகையும் சேர்ந்து வாங்கியது. எஞ்சின் முன்பக்க சீட்டுக்கு அடியில் இருக்கும். ரேடியேட்டர் வண்டியின் மூக்கில். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போகவர தரைக்கடியில் நீளமாக இரண்டு பைப். இந்த நீளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மே மாதத்தில் வாட்டர் பம்ப் ஒழுகியது. ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டு மாற்றினேன். வேலை முடிந்து எடுத்த மறுநாளிலிருந்து மூன்று விஷயங்கள் புதிதாக வந்தன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக் என்று சத்தம், குடத்தில் பாதித் தண்ணீரோடு நடக்கிற மாதிரி. சூடு காட்டுகிற முள் திடீரென்று மேலே ஏறும், ஒரு நிமிடத்தில் தானாகவே விழும். மூன்றாவது, முள் சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றாது.

நாலாவது நாள், மத்தியான ஷிஃப்ட் விட்டுத் திரும்பும்போது கவரைப்பேட்டை தாண்டி முள் ஏறியது. ஏசியை அணைத்து, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் டிரைவர்கள் செய்கிற வேலை இது. ஹீட்டர் என்பது இன்னொரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் அது உள்ளே இழுத்துக்கொள்ளும், எஞ்சின் பிழைக்கும், உள்ளே இருப்பவர்கள் வேக வேண்டும். மே மாத வெயிலில் ஹீட்டரா என்று பின்னால் ஒரு கூச்சல் எழுந்தது. ஆனால் வந்தது சூடான காற்று இல்லை. வெளிக்காற்றைப் போலத்தான் வந்தது. எல்லோரும் அப்பாடா என்றார்கள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டர் குளிர்ந்து கிடக்கிறது என்றால், கொதிக்கிற தண்ணீர் ஹீட்டருக்கு வந்து சேரவில்லை.

ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அது வீட்டுக்குத் திரும்புகிற நடையாக இருந்ததால் தப்பித்தோம். காலை நடையாக இருந்திருந்தால், வண்டியில் இருந்தவர்களில் நாலு பேருக்கு அந்த மாதத்து வருகை ஊக்கத்தொகை போயிருக்கும். ஒருநாள் தாமதம் என்றாலும் அதை மொத்தமாக வெட்டுகிற இடத்தில் அவர்கள் வேலை செய்கிறார்கள். அன்றைக்கே ஒரு பெண் சொல்லிவிட்டாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, நான் வேற வண்டி பாத்துக்கறேன். லேடீஸ் வண்டின்னா இப்படித்தான் நிக்கும்னு வீட்ல ஏற்கெனவே சொன்னாங்க." வண்டிக்குள்ளே போட்டிருந்தது லேடீஸ் பம்ப் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவளுக்கு அது சம்பளப் பிரச்சினை.

ஒர்க் ஷாப்பில் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்மா. எஞ்சின இறக்கித்தான் பாக்கணும். இருபத்தெட்டாயிரம் ஆவும். வீட்டுக்காரர வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்."

"வண்டி என் பேர்ல இருக்குது அண்ணா."

"இருக்கட்டும்மா. அவரு வந்தா வெவரமா சொல்லலாம்."

என் வீட்டுக்காரருக்கு அந்த வண்டியில் தெரிந்த ஒரே பாகம் ஹாரன். அவரே அதை ஒத்துக்கொள்வார். ஆனாலும் விவரம் அவருக்காகக் காத்திருந்தது.

அந்த மெக்கானிக்கைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஹெட் கேஸ்கெட் போனாலும் வண்டி இப்படித்தான் சூடாகும். ஆனால் கேஸ்கெட் போனதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் விட்ட டீயைப் போல மாறியிருக்கலாம். சைலன்ஸரில் வெள்ளைப் புகை விடாமல் வரலாம், அதில் ஒரு தித்திப்பு வாசனை இருக்கும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே, தண்ணீர் சூடாவதற்கு முன்பே, ஹோஸ் கல்லு மாதிரி விறைத்துக்கொள்ளும். ஏனென்றால் வெடிக்கிற புகை தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து அழுத்துகிறது. என் வண்டியில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. அவர் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கவும் இல்லை.

வேன் ஓட்ட வருமுன் ஆறு வருடம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். அங்கே ரிஜெக்‌ஷன் கூடினால் சூப்பர்வைசர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது? ஆள் மாறினாளா, அச்சு மாறியதா, கச்சாப் பொருள் மாறியதா? நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஒரே பொருளைப் பார்க்கிற பெண்களுக்குக் கிடைக்கிற படிப்பு இது. அதற்குச் சான்றிதழ் கிடையாது. என் வண்டியில் மாறியது பம்ப். பம்ப் மாற்றத் தண்ணீரை முழுக்க வடித்திருப்பார்கள், திரும்ப ஊற்றியிருப்பார்கள். கோளாறு அடுத்த நாளே வந்திருக்கிறது.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிராமலே கேட்டார்: "மோட்டர் ஏர் புடிச்சிக்கின மாதிரியா?"

எங்கள் பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஏர் பிடிப்பது அன்றாடம் நடப்பது. கரன்ட் போய் வந்தபின் மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் மட்டும் ஏறாது. பம்புக்குள் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று உட்கார்ந்துவிட்டது. உள்ளே சுற்றுகிற சக்கரம் தண்ணீரைத் தள்ளத்தான் செய்யப்பட்டது, காற்றை அதனால் தள்ள முடியாது. பம்பின் தலையில் உள்ள மூடியைக் கழற்றி, சொம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, குமிழி அடங்குகிறவரை பொறுத்திருந்து மூட வேண்டும். அவசரப்பட்டுக் குடத்தைக் கவிழ்த்தால் காற்று அடியிலேயே மாட்டிக்கொள்ளும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இதைச் செய்கிறவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அத்தை முப்பது வருடமாகச் செய்கிறார். யாரும் அவரை மெக்கானிக் என்று அழைத்ததில்லை.

வண்டியிலும் அதேதான். எஞ்சினைச் சுற்றி ஓடுகிற கூலன்ட்டை ஒரு சின்ன பம்ப் தள்ளுகிறது. காலியாக இருந்த பாதையில் வேகமாக ஊற்றினால், உயரமான வளைவுகளில் காற்று தங்கிவிடும். ரேடியேட்டரும் எஞ்சினும் தள்ளித் தள்ளி இருந்து நடுவில் நீளமான பைப் ஓடுகிற வண்டிகளில் இது இன்னும் சுலபமாக நடக்கும். ஒரே அளவு இடத்தில் தண்ணீர் சுமக்கிற சூட்டை ஒப்பிட்டால், காற்று சுமப்பது மூவாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதனால் காற்று தங்கிய இடத்தில் இரும்பின் சூடு வெளியேற வழியில்லை, பக்கத்திலிருக்கிற தண்ணீர் அங்கேயே கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி சென்சார் மேல் பட்டால் முள் ஏறும். காற்று வந்து சென்சாரை மூடிக்கொண்டால் முள் விழும். அப்போது எஞ்சின் ஆறிவிட்டது என்று நினைத்து ஓட்டினால்தான் ஆபத்து. தெர்மோஸ்டாட் என்ற கதவு ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கிற மெழுகு எண்பது டிகிரி தாண்டிச் சூடானால் உருகி விரிந்து, ரேடியேட்டருக்குப் போகிற வழியைத் திறந்துவிடும். அதன் காலடியில் காற்று நின்றால் மெழுகுக்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது, கதவு திறக்காது. தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாதபோது அது எப்படிச் சூடாகும், ஃபேன் எப்படிச் சுற்றும்? ஹீட்டர் ஏன் குளிர்ந்து கிடந்தது என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. டாஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக் என்றது ஹீட்டருக்குள் தண்ணீரும் காற்றும் கலந்து ஓடிய சத்தம்.

இப்படியே ஓட்டினால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும், ஒரு மாதத்தில் மெக்கானிக் சொன்ன கேஸ்கெட் நிஜமாகவே போகும். அவர் சொன்னது அப்போது பலித்தும் இருக்கும்.

இந்த இடத்தில் காற்றை வைத்து ஒரு உவமை சொல்வேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் இருக்கலாம். அடைபட்ட மூச்சு, அடைபட்ட பெண் என்றெல்லாம். எனக்கு அதில் விருப்பம் இல்லை. காற்று காற்றாகவே இருக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவில் ஒரு வரி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற முதன்மை எஞ்சினையோ, அதன் விசையைக் கடத்துகிற பாகங்களையோ சுத்தம் செய்யவும், எண்ணெய் போடவும், சரிசெய்யவும் எந்தப் பெண்ணையும் இளம் வயதினரையும் அனுமதிக்கக் கூடாது. பெண்ணும் சிறுவர்களும் ஒரே வரியில். அதே சட்டத்தின் 66-ஆவது பிரிவு, பெண்கள் காலை ஆறு முதல் மாலை ஏழு வரைதான் வேலை செய்யலாம் என்றது. அதை 2000-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இரவு ஷிஃப்ட் வந்தது, அதனால்தான் எனக்கும் இந்த வேன் பிழைப்பு வந்தது. எண்ணெய் போடுவதைப் பற்றிய வரியை இரவு ஷிஃப்ட் அளவுக்கு யாரும் பெரிதாகப் பேசவில்லை. நான் வேலை செய்த கம்பெனியில் அந்தப் பிரிவின் எண் யாருக்கும் தெரியாது. ஆனால் மெஷின் நின்றால் பெண்கள் தள்ளி நிற்க வேண்டும், மெயின்டனன்ஸ் பையன் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடம் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவளைவிட, சேர்ந்து ஆறு மாதம் ஆன பையனுக்கு அதன் வயிறு தெரிந்திருந்தது.

சட்டம் நல்லதற்குத்தான் என்று சொல்வார்கள். முடியும் சேலையும் பெல்ட்டில் மாட்டும் என்பது உண்மை. லுங்கியும் மாட்டும். ஓடுகிற பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு முதலாளிக்குச் சொன்னது. அந்தத் தடுப்பு ஒழுங்காக இருந்தால் எந்தக் கையும் பத்திரம். தடுப்புக்குச் செலவாகும். பெண்ணைத் தள்ளி நிற்கச் சொல்வதற்குச் செலவில்லை.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், அவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். உலகத்தின் முதல் நெடுந்தூர கார்ப் பயணம் என்று சொல்லப்படுவது அதுதான். அந்த எஞ்சினின் குளிர்விப்புத் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். வழியெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். விளம்பரங்களில் அவர் துணிச்சலைக் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த ஊசி.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன். வாசிக்கிறவர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் இருந்தால் உதவும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடியும் குக்கர் வெயிட்டும் ஒரே ஜாதி. சாதாரணமாகத் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். அழுத்திப் பூட்டி வைத்தால் நூற்றிருபது வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். குக்கரில் விசில் அடங்காமல் மூடியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஒரு லாரி டிரைவரின் முகத்தில் பாதி இப்படி வெந்துபோனது. ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் திறப்பதுதான் சரி.

வண்டியின் மூக்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று ரேடியேட்டர் மூடியை நோக்கி ஏறும். திருவள்ளூர் மாவட்டத்தில் மேட்டுக்கு எங்கே போவது? கும்மிடிப்பூண்டி பக்கம் தோசைக்கல் மாதிரி தட்டையான நிலம். எங்கள் ஊரில் மேடு என்றால் ஏரிக்கரை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வண்டியை மெதுவாகக் கரைமேல் ஏறுகிற சரிவில் கொண்டுபோய், ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்தேன். துப்பட்டாவை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, பின்னலைச் சுற்றிக் கொண்டையாக முடிந்தேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கடல் பக்கம் போகப்போக இன்னும் மோசம். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது 1960-களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. நகரத்துக்காக இங்கே உறிஞ்சியது கொஞ்சமா? 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை வந்தது. அந்தத் தண்ணீரும் சென்னைக்குத்தான். இந்த உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், தண்ணீர் கொதிக்க வைக்கிற பாத்திரத்தில் பிடிக்கிற மாதிரி வெள்ளையாகப் படியும், மெல்லிய குழாய்கள் அடைபடும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்துகொண்டேன். இரண்டும் சேர்ந்து 1,100 ரூபாய் ஆனது.

மூடியைத் திறந்தேன். ஹீட்டர் திருகியை முழுச் சூட்டுக்குத் திருப்பினேன், அந்தப் பாதையும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக. புனல் வைத்து, அத்தை மோட்டாருக்கு ஊற்றுகிற மாதிரி, கொஞ்சம் ஊற்றிக் காத்திருந்து, மறுபடி கொஞ்சம். சில வண்டிகளில் உயரமான பைப்பில் காற்று விடுகிற ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் முதலில் புஸ் என்று காற்று, பிறகு நுரை, கடைசியில் குமிழி இல்லாத தண்ணீர் வரும், அப்போது இறுக்கிவிடலாம். என் வண்டியில் அது இல்லை. மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டேன். ஒவ்வொரு அமுக்கலுக்கும் புனலில் குமிழி வந்தது. அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஓடவிட்டேன்.

இருபது நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. மேல் ஹோஸ் சூடு, கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீர் போல. திடீரென்று வயிற்றுக்குள் உருள்கிற மாதிரி ஒரு சத்தம். புனலில் பெரிய பெரிய குமிழிகள் ஏழெட்டு வந்தன, உடனே தண்ணீர் மட்டம் சரசரவென்று இறங்கியது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. ஊற்றினேன். கீழ் ஹோஸைத் தொட்டேன், சூடு வர ஆரம்பித்திருந்தது. ஹீட்டரில் கை வைத்தால் முடியாத அளவு அனல். அந்த அனலில் ஒரு நிமிடம் கையை வைத்துக்கொண்டே நின்றேன். இன்னும் பத்து நிமிடத்தில், அந்த வாரத்தில் முதல் தடவையாக ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றியது. ஃபேன் இரண்டு தடவை சுற்றி நின்றபின், குமிழி எதுவும் வராததைப் பார்த்துவிட்டு மூடினேன். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்திருந்தால் கேஸ்கெட்தான் என்று நானே ஒர்க் ஷாப்புக்குத் திரும்பிப் போயிருப்பேன்.

கரைமேல் மாடு ஓட்டிப் போனவர்களில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "மெக்கானிக் வரலியா?" என்றார் ஒருவர். "வந்துட்டாங்க" என்றேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

வழிந்த கூலன்ட்டைப் பிடிக்க அடியில் ஒரு பேசின் வைத்திருந்தேன். அது தித்திக்கும், நாயும் ஆடும் நக்கினால் செத்துப்போகும். அதனால் ஏரிப்பக்கம் ஒரு சொட்டும் விடாமல் கேனில் ஊற்றி மூடி எடுத்துவந்தேன்.

வேறு வண்டி பார்த்துக்கொண்ட பெண் திரும்பி வரவில்லை. அந்த வண்டியில் ஏசி நன்றாக இருக்கிறதாம். மற்ற ஆறு பேரும் இருந்தார்கள். அதில் ஒருத்தி, ஷிஃப்ட் முடிந்து கேட்டில் நிற்கும்போது, "அக்கா, அந்த சீட்டைத் தூக்கிக் காட்டுங்களேன், உள்ள என்னதான் இருக்குதுன்னு பாக்கறேன்" என்றாள். எஞ்சின் மேலே உட்கார்ந்துதான் அவள் இரண்டு வருடமாக வந்துபோகிறாள். தூக்கிக் காட்டினேன். பம்ப் எது, பெல்ட் எது என்று கேட்டாள். ஆறும்வரை கை வைக்காதே என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலை நாலேமுக்காலுக்கு, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரிசர்வ் டேங்கைப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. மிச்சமிருந்த காற்று வெளியேறிய இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை அரை விரல் இறங்கியிருந்தது, ஊற்றினேன். புதன்கிழமை கோட்டிலேயே நின்றது.